சுவரெல்லாம் எங்கள் வீட்டு நம்பர்

முதல் அழைப்பு வந்தபோது நான் குளித்துக்கொண்டிருந்தேன். காலை ஆறேகால் இருக்கும். அம்மா குளியலறைக் கதவைத் தட்டி, "யாரோ பிளாட் கேக்கறாங்கடா" என்றாள். "ராங் நம்பர்னு சொல்லும்மா" என்றேன். சொல்லிவிட்டாள். நான் தலையைத் துவட்டிக்கொண்டு வெளியே வருவதற்குள் இன்னொன்று. அதுவும் பிளாட். காப்பி குடிக்கும்போது மூன்றாவது. இந்த முறை நான் எடுத்தேன். மேடவாக்கத்திலிருந்து பேசுவதாகச் சொன்ன ஒருவர், கார்னர் மனை இருக்கிறதா, கிழக்குப் பார்த்ததா என்று கேட்டார். ராங் நம்பர் என்றேன்.

"இல்ல சார், செவுத்துல இந்த நம்பர்தான போட்டிருக்கு" என்றார், நான் மனையை வைத்துக்கொண்டே தர மறுக்கிறேன் என்பதுபோல.

எந்தச் சுவர் என்று கேட்டிருக்க வேண்டும். வண்டிக்கு நேரமாகிவிட்டதால் கேட்காமல் வைத்துவிட்டேன்.

இரண்டாயிரம் பிறந்து ஐந்தாறு வருடம் ஆகியிருந்தது. செல்போன் எல்லோர் கைக்கும் வந்துகொண்டிருந்தது. ஆனாலும் வீட்டு லேண்ட்லைனுக்கு மரியாதை குறையவில்லை. பீர்க்கன்கரணையில் ஏரிக்கரையிலிருந்து நாலு தெரு தள்ளி எங்கள் வீடு. நான், மனைவி, அம்மா மூன்று பேர். எனக்குக் கிண்டியில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் வேலை. மனைவி சானடோரியம் பக்கம் ஏற்றுமதித் துணி தைக்கும் கம்பெனியில் சரக்கைச் சோதித்து அனுப்பும் பிரிவில் இருந்தாள். இருவரும் காலையில் பெருங்களத்தூரில் மின்சார ரயில் ஏறினால் திரும்பி வரும்போது விளக்கு வைத்திருப்பார்கள். பகல் முழுக்க வீட்டில் அம்மாவும் அந்தப் போனும்தான்.

அன்று மாலை வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே அம்மா சொன்னாள்: "இருபத்திமூணு."

"என்னம்மா இருபத்திமூணு?"

"போனு. ஒரு கை சாதம் நிம்மதியா சாப்பிடலை."

மறுநாள் காலை ரயிலில் படியோரம் நின்றுகொண்டு போனேன். பெருங்களத்தூர் தாண்டியதும் ஜி.எஸ்.டி. ரோட்டுப் பக்கம் ஒரு நீளமான காம்பவுண்டுச் சுவர் வந்தது. மஞ்சள் பூச்சின்மேல் சிவப்பு எழுத்து. கூடுவாஞ்சேரிக்கு அருகில் வீட்டுமனைகள், ரயில் நிலையம் மிக அருகில், விமான நிலையம் மிக அருகில், பள்ளி மிக அருகில். எல்லாமே மிக அருகில். கீழே, ஆளுயரத்துக்குப் பாதி உயரத்தில், எங்கள் வீட்டு நம்பர். என் கல்யாணப் பத்திரிகையில் அச்சடித்த அதே நம்பர். ஒரு கணம் பக்கத்தில் நின்றவர்களெல்லாம் எங்கள் வீட்டுக்குள் எட்டிப் பார்க்கிறார்கள் என்று தோன்றி உடம்பு கூசியது.

தாம்பரம் வருவதற்குள் இன்னும் இரண்டு சுவர். மாலையில் வேண்டுமென்றே தாம்பரத்தில் இறங்கிப் பஸ் பிடித்து, ரோட்டு வழியாகவே வண்டலூர் வரை போய், அங்கிருந்து ரயிலில் திரும்பினேன். மொத்தம் பதினொன்று.

அதுவரை நான் விளம்பரங்களைப் பார்த்ததில்லை என்று சொல்ல முடியாது. பார்க்காமல் இருக்கவிட்டால்தானே? ரயில் பெட்டிக்குள் உட்கார்ந்தால் தலைக்கு மேலே மூலம், பவுத்திரம், ஒரே ஊசியில் குணம். பஸ் ஸ்டாப்பில் ஊர்ப் பெயரைப் படிக்கலாம் என்று நிமிர்ந்தால் பெயரின் மேலேயே டியூஷன் சென்டர் போஸ்டர். ரோட்டோரத்து மரங்களில் ஆணி அடித்து இன்வெர்ட்டர் பலகை. தெருவுக்குள் வந்தால் லைட் கம்பத்தில் கராத்தே வகுப்பு. வீட்டு கேட்டைத் திறந்தால் கேபிள்காரர் செருகிவிட்டுப் போன நோட்டீஸ் காலடியில் விழும். இவற்றோடெல்லாம் ஒரு மாதிரி சமாதானமாகியிருந்தேன். கண்ணை எங்கே வைப்பது என்பதில் எல்லோருக்கும் ஒரு பழக்கம் வந்துவிடுகிறது. எனக்கும் வந்திருந்தது. கண்ணைத் திருப்பிக்கொள்ளலாம். மணியடிக்கிற போனை என்ன செய்வது?

புகார் சொல்லலாம் என்றால் யாரிடம் சொல்வது? சுவரில் கம்பெனியின் பெயர் இருந்தது, விலாசம் இல்லை. தொடர்புக்கு என்று போட்டிருந்த ஒரே நம்பர் எங்களுடையது. அவர்களைப் பிடிக்க வேண்டுமென்றால் நான் எனக்கே போன் போட வேண்டும். டைரக்டரியில் தேடினேன், இல்லை. ஒரு வாரம் கழித்துத் தாம்பரம் ஸ்டேஷன் படிக்கட்டில் இறங்கும்போது ஒருவர் என் கையில் ஒரு நோட்டீசைத் திணித்தார். வழக்கமாகக் கசக்கிப் போடுகிறவன், மஞ்சளையும் சிவப்பையும் பார்த்ததும் அங்கேயே நின்று படித்தேன். அதே கம்பெனி. நோட்டீசில் இருந்த நம்பர் எங்கள் நம்பரேதான், ஒரே ஒரு எண்ணைத் தவிர. எங்களுக்கு ஒன்று இருக்கும் இடத்தில் அவர்களுக்கு ஏழு.

விஷயம் புரிந்துவிட்டது. யாரோ துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்த ஏழு, சுவரில் எழுத வந்தவர் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்திருக்கிறது. பதினொரு சுவரிலும் ஒன்றின் தலையில் இடப்பக்கமாக ஒரு கோடு இழுத்துவிட்டால் தீர்ந்தது.

ஸ்டேஷன் வாசலில் இருந்த எஸ்.டி.டி. பூத்திலிருந்தே கூப்பிட்டேன். தேன் குரலில் ஒரு பெண் எடுத்தாள்.

"வணக்கம் சார். எந்த சைஸ்ல பிளாட் பாக்கறீங்க?"

"பிளாட் வேணாம்மா. உங்க விளம்பரத்துல எங்க வீட்டு நம்பரைத் தப்பா எழுதிட்டாங்க." எந்தெந்தச் சுவர் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவள் பொறுமையாக "ஓகே சார், ஓகே சார்" என்று கேட்டுக்கொண்டாள்.

"பெயிண்டிங் காண்ட்ராக்டர்கிட்ட இன்ஃபார்ம் பண்ணிடறோம் சார். ஒன் வீக்ல மாத்திடுவாங்க. வேற எதாவது ஹெல்ப் வேணுமா சார்?"

"வேணாம்மா."

"சண்டே ஃப்ரீ சைட் விசிட் இருக்கு சார். ஃபேமிலியோட வரலாம். லஞ்ச் குடுக்கறோம்."

ஒரு வாரம் இரண்டானது, இரண்டு மூன்றானது. ஒவ்வொரு முறை கூப்பிடும்போதும் அதே குரல், அதே ஓகே சார், அதே லஞ்ச். இதற்கிடையில் எங்கள் வீட்டில் போன் மணி அடித்தால் யாரும் எழுந்திருக்காத நிலை வந்துவிட்டது. என் தங்கைக்கு மதுரையில் குழந்தை பிறந்த செய்தியே எங்களுக்கு ஒரு நாள் தாமதமாகத்தான் தெரிந்தது. மாப்பிள்ளை பலமுறை கூப்பிட்டிருக்கிறார். பிளாட் என்று நினைத்து அம்மா ரிசீவரை எடுத்துக் கீழே வைத்துவிட்டாள்.

அன்றைக்கு எனக்கு வந்த கோபம் வாழ்க்கையில் அதற்கு முன் வந்ததில்லை.

"நம்பரை மாத்திடலாங்க" என்றாள் மனைவி. "எழுதிக் குடுத்தா வேற நம்பர் தருவாங்க."

"நாம எதுக்கு மாத்தணும்? சொந்தக்காரங்க, பாங்க், கேஸ் ஏஜென்சின்னு அத்தனை பேருக்கும் நாம போய்ச் சொல்லணுமா? ஒரு கோடு போட அவங்களுக்குக் கை வரலை, நாம ஊரெல்லாம் அலையணுமா?"

"அப்ப நீங்களே போய்ப் போட்டுட்டு வாங்க" என்று விளையாட்டாகச் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

நான் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாள் ஹார்டுவேர் கடையில் சின்ன டப்பா சிவப்புப் பெயிண்டும் ஓரங்குல பிரஷ்ஷும் வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பெரிய சுவரில் தொடங்கலாம் என்று ஜி.எஸ்.டி. ரோட்டுச் சுவருக்கே போனேன். சைக்கிளைச் சாத்தி, டப்பாவைத் திறந்து, ஒன்றின் தலையில் பிரஷ்ஷை வைத்து முக்கால் கோடு இழுத்திருப்பேன்.

"யோவ், இன்னாய்யா பண்ணிகினு கீற?"

கேட்டுக்குள்ளிருந்து ஒருவர் வந்தார். லுங்கி, வெற்று உடம்பு, வாயில் பல் துலக்கும் பிரஷ். கையில் பெயிண்ட் பிரஷ்ஷோடு நான்.

"இல்ல சார், இந்த நம்பர் தப்பு. சரி பண்றேன்."

"நீ பெயிண்டரா?"

"இல்ல சார். இது எங்க வீட்டு நம்பர்."

அவர் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு நிதானமாகச் சுவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "உன் நம்பரா? அப்போ சந்தோசப்படு சார். இம்மாம் பெர்சா ஓசில எவன் எழுதுவான்?"

"ஒரு நாளைக்கு முப்பது பேர் போன் பண்றாங்க சார். எங்கம்மா வயசானவங்க."

"அதெல்லாம் அவன்கைல பேசு. செவுரு என்னுது. அவன் வெள்ளையட்ச்சிக் குட்த்து, கேட்டுக்குப் பெயிண்ட் அட்ச்சிக் குட்த்து, ஒரு வருசத்துக்குன்னு பேசிட்டு எழுதிகினு போயிருக்கான். நாளைக்கு வந்து எவன் கிறுக்கினான்னா நான் இன்னா சொல்றது? மொதல்ல டப்பாவ மூடு. காலங்காத்தால பேஜார் பண்ணாத."

எதிர்ப்பக்கம் டீக்கடையிலிருந்து மூன்று பேர் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவர் எங்கள் தெருக்காரர். நான் டப்பாவை மூடினேன். முக்கால் கோட்டிலிருந்து பெயிண்ட் வழிந்து, ஒன்றும் இல்லாமல் ஏழும் இல்லாமல், அடிபட்டு ரத்தம் வடிகிற எண்ணாக அது நின்றது. ஊருக்கே சொந்தமான ரோடு நெடுக எழுதியவனை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. தன் வீட்டு நம்பரைக் காப்பாற்ற வந்தவன் விடியற்காலையில் திருடன்போல நிற்கிறான். சைக்கிளை மிதிக்கக்கூட மனமில்லாமல் தள்ளிக்கொண்டே வீடு வந்தேன்.

அம்மாதான் வழி சொன்னாள். "அந்தப் பொண்ணு வா வான்னு கூப்புடுதே, அந்த இடத்துக்கே போயிட்டா என்ன? மொதலாளி அங்க இருப்பான்ல? நேரா கேட்டுடலாம். நானும் வரேன்."

அடுத்த ஞாயிறு தாம்பரத்தில் கம்பெனி வேனில் ஏறினோம். எங்களோடு பன்னிரண்டு பேர் இருந்தார்கள். கம்பெனி ஆள் எல்லோர் பெயரையும் எழுதிக்கொண்டார். நான் புகார் சொல்ல வந்தவன் என்றேன். "அதெல்லாம் அங்க பேசிக்கலாம் சார்" என்று எங்கள் பெயரையும் சேர்த்தே எழுதிக்கொண்டார். வேனுக்குள்ளே டிவி வைத்திருந்தார்கள். அதில் அதே மனைகளின் விளம்பரம். வழியெல்லாம் என் பதினொரு சுவர்களில் ஏழு சுவர்கள் ஜன்னலுக்கு வெளியே வந்து போயின. உள்ளேயும் அது, வெளியேயும் அது.

கூடுவாஞ்சேரியிலிருந்து உள்ளே திரும்பி, 'மிக அருகில்' இருந்த அந்த இடத்துக்குப் போய்ச் சேர அரை மணிக்கு மேல் ஆயிற்று. ஒரு வளைவு, கலர் கொடிகள், மஞ்சள் அடித்த எல்லைக் கற்கள், ஷாமியானா. அதன் கீழே ஒரு மேனேஜர். நாற்பது வயதிருக்கும். வெள்ளைச் சட்டை, இரண்டு செல்போன். நான் நடந்ததையெல்லாம் சொன்னேன். அவர் ஒரு செல்போனைக் காதில் வைத்தபடியே தலையாட்டினார்.

"வெரி சாரி சார். நாளைக்கே மாத்திடறோம். உங்க நம்பரை எழுதிக் குடுங்க."

"என் நம்பர் பதினொரு சுவர்ல இருக்கு சார்."

அவர் சிரித்தார். அப்படியும், எழுதச் சொல்லி ஒரு விசிட்டிங் கார்டை நீட்டினார். நான் அதன் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அந்தச் சட்டையோடு அது சலவைக்குப் போய்விடும் என்று அப்போதே எனக்குத் தெரிந்தது.

திரும்பிப் பார்த்தால் அம்மாவைக் காணோம். மனைகளின் கடைசி வரிசையில், வெயிலில், குனிந்து நின்றுகொண்டிருந்தாள். அம்மா பிறந்தது படப்பைப் பக்கம், ஏரிப் பாசனத்தில் பயிர் வைத்த குடும்பம். போனேன். கையில் எதையோ வைத்திருந்தாள். வெள்ளை வெளேரென்று நத்தை ஓடுகள்.

"கோரையை வெட்டிட்டு மண்ணடிச்சிருக்காங்க. அடிக்கட்டை எல்லாம் அப்படியே கெடக்கு பாரு" என்றாள். "மழைக்காலத்துல இங்க தண்ணி நிக்கும்டா."

பின்னாலேயே வந்த மேனேஜரிடமும் அதையே கேட்டாள். "ஏம்ப்பா, இது தண்ணி நிக்கற எடமாச்சே?"

"அது சாதாரணப் புல்லும்மா. வாங்க, சாப்பாடு ரெடி" என்றார் அவர்.

அம்மா சாப்பிடவில்லை. நானும் தயிர்சாதத்தைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். நாளைக்கே என்றது நடக்கவில்லை. நானும் ஓய்ந்துபோய், எல்லோரும் சொன்ன மாதிரி நம்பரையே மாற்றிவிட விண்ணப்பம் எழுதி மேசை இழுப்பறையில் வைத்தேன்.

பத்து நாள் கழித்து எனக்கு லேசாகக் காய்ச்சல். மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டேன். கேட்டைத் திறக்கும்போது உள்ளே அம்மாவின் குரல் கேட்டது.

"பிளாட் இருக்கும்மா, நெறய இருக்கு. நீ எங்க இருக்க? குரோம்பேட்டையா? வாடகை வீடா? சரி. நான் ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காத. இப்ப வெயில்ல போய்ப் பாத்து வாங்காத. ஐப்பசியில ஒரு நாள் நல்லா மழை பெஞ்சதுக்கு மறுநாள் போய்ப் பாரு. அங்க கோரை மொளைச்சிருந்த எடம்மா. நத்தை ஓடு கெடக்குது. நான் கண்ணால பாத்துட்டு வந்தேன்... ஆமாம்மா, அவங்க நம்பர் வேற. இது எங்க வீடு. தப்பா எழுதிட்டாங்க... இல்லல்ல, எனக்கென்ன தொந்தரவு, நீ கேளு."

நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். போனை வைத்துவிட்டு அம்மா என்னைப் பார்த்து, "ஆஸ்பத்திரியில நர்ஸாம். ரெண்டு பொண்ணு. பாவம்" என்றாள்.

"எத்தனை நாளா இப்படிச் சொல்லிட்டிருக்க?"

"வேன்ல போயிட்டு வந்த மறுநாள்லேருந்து. ராங் நம்பர்னா திருப்பித் திருப்பிக் கூப்புடறாங்கடா. இப்படிச் சொன்னா ஒரே தடவைல வச்சிடறாங்க."

ராத்திரி சாப்பிடும்போது மனைவி பயந்தாள். "அத்தை, கேஸ் கீஸ் போட்டுடப் போறாங்க."

"நான் பொய் சொல்றேனா? வாங்காதன்னா சொல்றேன்? மழையில பாத்துட்டு வாங்குன்னுதான சொல்றேன்?"

எனக்கும் கொஞ்சம் பயம்தான். ஆனால் அம்மாவைத் தடுக்க மனம் வரவில்லை. உள்ளூரச் சந்தோஷமாகவே இருந்தது.

அடுத்த வாரமே வீட்டு வாசலில் ஒரு கார் வந்து நின்றது. இரண்டு செல்போன் வைத்திருந்த அந்த மேனேஜர் இறங்கினார். கூடவே, பேசாமல் நிற்பதற்கென்றே அழைத்துவந்ததுபோல ஒரு தடித்த ஆள். மூன்று மாதமாக எங்கள் விலாசத்தை எழுதிக்கொள்ளக்கூட நேரமில்லாதவர்கள், நான் சொல்லாமலேயே வீட்டைக் கண்டுபிடித்து வந்திருந்தார்கள்.

"சார், உங்கம்மா எங்க கஸ்டமர்ஸ்கிட்ட என்ன சொல்லிட்டிருக்காங்கன்னு தெரியுமா?"

"எங்க வீட்டுக்கு வர்ற போன்ல எங்கம்மா பேசறாங்க. அதுல உங்களுக்கு என்ன சார்?"

"வேன்ல வர்றவங்க எல்லாம் எறங்கினதும் குனிஞ்சு மண்ணைப் பாக்கறாங்க சார்! கோரை எங்கங்கறாங்க, நத்தை எங்கங்கறாங்க. கேட்டா, உங்க ஆபீஸ் அம்மாவே சொன்னாங்களேன்னு சொல்றாங்க. அவங்களை எங்க ஸ்டாஃபுன்னு நெனச்சுட்டிருக்காங்க!"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அதைப் பார்த்து அவருக்குக் கோபம் ஏறியது. வக்கீல் நோட்டீஸ் அனுப்புவோம் என்றார்.

"அனுப்புங்க" என்றேன். "அதுல எந்த நம்பருக்குப் போன் வந்துச்சு, அந்த நம்பரை யார் சுவர்ல எழுதினாங்கன்னும் சேத்து எழுதச் சொல்லுங்க."

அதற்குள் அம்மா காப்பி கொண்டுவந்து இருவர் முன்னாலும் வைத்தாள். தடித்த ஆள் எடுத்துக் குடிக்கத் தொடங்கிவிட்டார். மேனேஜர் அவரை முறைத்தார்.

"தம்பி, ஒரு கோடு போட்டா முடிஞ்சுது" என்றாள் அம்மா. "நீங்க கோட்டைப் போடுங்க. எனக்குப் போனும் வராது, நான் பேசவும் மாட்டேன். எனக்கு மட்டும் இது வேலையா?"

மேனேஜர் தன் காப்பியைத் தள்ளி வைத்தார். பிறகு செல்போனை எடுத்து யாரையோ கெட்ட வார்த்தையில் திட்டி, நாளை மறுநாளுக்குள் முடியாவிட்டால் வேலையே கிடையாது என்றார். எங்களிடம் மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. போகிற போக்கில் எங்கள் காம்பவுண்டுச் சுவரைத் திரும்பிப் பார்த்து, "ரோட்டைப் பாத்த சுவராவே இருக்கே சார்" என்று மட்டும் சொன்னார். நான் கேட்டைச் சாத்தினேன்.

இரண்டு நாளில் கோடு போட்டுவிட்டார்கள். மூன்று மாதமாக நான் கெஞ்சிக் கிடைக்காதது, அவர்களுக்கு நாலு மனை விற்காமல் போனதும் கிடைத்துவிட்டது. போன் அடங்கியது. முதல் சில நாள் வீடே வெறிச்சென்று இருந்ததாக அம்மா சொன்னாள். நான் இழுப்பறையிலிருந்த விண்ணப்பத்தைக் கிழித்துப் போட்டேன்.

ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. நான்தான் எடுத்தேன். "அம்மா இருக்காங்களா?" என்று ஒரு பெண் கேட்டாள். பிளாட் விஷயமா என்றேன், பழைய எரிச்சலோடு. "ஆமா சார், ஆனா அம்மாகிட்டதான் பேசணும். நான் குரோம்பேட்டை நர்ஸ்" என்றாள். தெரிந்தே எங்கள் நம்பருக்கு வந்த அழைப்பு. ஸ்பீக்கர் பொத்தானை அழுத்தி அம்மாவைக் கூப்பிட்டேன்.

"அம்மா, நான் வாங்கிட்டேன்மா. அதே எடத்துல. உங்ககிட்ட சொல்லாம இருக்க மனசு வரலை."

அம்மா போன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நீங்க சொன்னதெல்லாம் சரிதான்மா. அந்தப் பக்கத்துல மாடு மேய்க்கறவர்கிட்டயும் கேட்டேன், முட்டி அளவு நிக்கும்னாரு. ஆனா எங்களால முடிஞ்ச வெலைக்கு வேற எங்கம்மா கெடைக்கும்? நல்ல எடமெல்லாம் நாங்க கேக்கவே முடியாத எடமா இருக்கு. ஹவுஸ் ஓனர் இந்த வருசம் மறுபடி காலி பண்ணச் சொல்லிட்டாரு. பொண்ணுங்களை வச்சுக்கிட்டு எத்தனை வீடும்மா மாறறது?"

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "சரிம்மா, வாங்கிட்ட. நல்லா இருப்ப. பேஸ்மட்டம் மட்டும் ஒசரமாப் போடு. ரோட்டை விட நாலடி. மேஸ்திரி வேணாம்பான், கேக்காத. நாலடி."

"சரிம்மா."

போனை வைத்தபிறகும் அம்மா 'நாலடி' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். எனக்கும் என்னவோபோல் இருந்தது. அந்த மஞ்சள் சுவரை நான் எரிச்சலோடு பார்த்துக்கொண்டிருந்த அதே ரயிலில், அதே சுவரை எத்தனை பேர் நம்பரை மனப்பாடம் செய்துகொண்டு ஏக்கத்தோடு பார்த்திருப்பார்கள்? அதை நினைத்தபோது அந்தச் சுவரின் மேல் என் கோபம் குறையவில்லை. கூடத்தான் செய்தது.

அந்த நர்ஸ் பிறகு கூப்பிடவில்லை. ஐப்பசி மழையில் அந்த இடம் என்ன ஆயிற்று என்று நாங்கள் போய்ப் பார்க்கவும் இல்லை.

பதினொரு சுவரில் பத்தைத்தான் திருத்தினார்கள். வண்டலூர்ப் பக்கம் தண்டவாளத்தை ஒட்டி ஒரு கிடங்கின் பின்சுவர். அதை மறந்துவிட்டார்கள். ரயிலில் போகிறவர்களுக்கு மட்டுமே தெரியும் சுவர். மாதத்துக்கு இரண்டோ மூன்றோ அழைப்பு அதிலிருந்து வந்துகொண்டேயிருந்தது. எடுத்தவுடன், "ரயில்லேருந்து பாத்தீங்களா?" என்று கேட்பேன். "எப்படி சார் தெரியும்?" என்று ஆச்சரியப்படுவார்கள். கம்பெனிக்குச் சொன்னேன். தேன் குரல் ஓகே சார் என்றது. அந்த மனைகள் எல்லாம் விற்றுத் தீர்ந்த பிறகும், தேன் குரல் எடுக்காமல் போன பிறகும், அந்தச் சுவர் எங்கள் நம்பரை விற்றுக்கொண்டிருந்தது. எங்களையும் யாரோ பட்டியலில் சேர்த்துவிட்டார்கள்போல. கடன் வேண்டுமா, கிரெடிட் கார்டு வேண்டுமா என்று புதிது புதிதாகக் குரல்கள் வந்தன. அவர்கள் எந்தச் சுவரில் பார்த்தார்கள் என்று கேட்க முடியவில்லை.

இரண்டு வருடத்துக்குப் பிறகு செங்கல்பட்டுக்கு ஒரு கல்யாணத்துக்கு ரயிலில் போனோம். வண்டலூர் தாண்டும்போது அந்தச் சுவரைத் தேடினேன். மஞ்சளும் இல்லை, சிவப்பும் இல்லை. சுவர் முழுக்க நீலம். ஏதோ பொறியியல் கல்லூரி, நூறு சதவீதம் வேலை வாய்ப்பு, அட்மிஷன் நடைபெறுகிறது. கீழே வேறு யாருடையதோ நம்பர்.

"அம்மா, நம்ம நம்பரை அழிச்சுட்டாங்க!" என்று கத்திவிட்டேன். பெட்டியில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

ஒரு விளம்பரத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்டதை நினைத்து, கல்யாணச் சாப்பாட்டில் உட்கார்ந்திருந்தபோதுகூட எனக்கு என் மேலேயே எரிச்சலாக வந்தது.